தெருவைப் படித்த படைவீரர்கள்

வணிகர் இதழில் படைவீரர்களுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சோதனைச் சாவடியில் துப்பாக்கியுடன் நிற்பவருக்கும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவர் முன்னும் நாள் முழுவதும் முன்பின் தெரியாதவர்கள் வந்து நிற்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும் நல்ல மனிதர்கள். எப்போதோ ஒருவர் அப்படி இல்லை. அந்த ஒருவர் தம்மை அறிமுகம் செய்துகொண்டு வருவதில்லை. அவர் வாயால் சொல்வதை நம்பி ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நடை, கை, நிற்கும் இடம், பழகும் விதம் இவற்றைக் கொண்டுதான் எதையும் ஊகிக்க வேண்டும். அதற்கும் சில விநாடிகளே கிடைக்கின்றன.

நம் கணக்குத் தவறினால் போவது பணம். அல்லது ஒரு நல்ல வாடிக்கையாளரின் மனம். சாவடியில் நிற்பவர் கணக்குத் தவறினால் போவது உயிர். ஒன்று அவருடைய உயிர், இல்லையேல் ஒரு பாவமும் அறியாத யாரோ ஒருவரின் உயிர். 2003-இல் ஈராக்கில் நுழைந்த அமெரிக்கப் படையினர் இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவில் பல ஆண்டுகள் நின்றார்கள். அங்கே அவர்கள் எதைக் கற்றார்கள், எங்கே சறுக்கினார்கள் என்பதை இங்கே காண்போம். அந்தப் போர் சரியா தவறா என்பது தனி வழக்கு. அதற்குள் நாம் போகவில்லை.

காருக்குள் இரண்டு சிறுவர்கள்

2004-ஆம் ஆண்டு கோடைக்காலம். ஈராக்கின் வடக்கே உள்ள மோசூல் நகரில் ஒரு சிறிய ரோந்துப் பிரிவு காலையில் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தது. நடைபாதை மேல் ஒரு கார் நின்றது. போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் முகம் வைத்து நிறுத்தப்பட்டிருந்தது. அந்த ஊர்க் கோடை நம் வேலூர் வெயிலையே நிழல் என்று சொல்ல வைப்பது. அந்த வெயிலில் காரின் கண்ணாடிகள் நான்கும் இறுக மூடியிருந்தன. பின் இருக்கையில் இரண்டு சின்னஞ்சிறுவர்கள்.

வீரர்களில் ஒருவர் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வரலாமா என்று தம் சார்ஜென்டிடம் அனுமதி கேட்டார். சார்ஜென்ட் வேண்டாம் என்றார். எல்லோரும் பின்வாங்குங்கள் என்று சொல்லத் திரும்புவதற்குள் கார் வெடித்தது. தண்ணீர் கொடுக்கப் போக இருந்தவருக்கு முகத்தில் சிறு காயம், உயிருக்கு ஆபத்தில்லை. அந்தப் பிள்ளைகள் பிழைத்திருக்க வழியில்லை.

பின்னாளில் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது அந்த சார்ஜென்டால் காரணத்தை அடுக்கிச் சொல்ல முடியவில்லை. உடம்பு திடீரென்று சில்லிட்டது, ஆபத்து என்று தோன்றியது, அவ்வளவுதான் என்றார். இதைக் கேட்டுச் சிலர் உள்ளுணர்வு, ஆறாம் அறிவு என்று பெரிதாகப் பேசினார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. மண்டியில் மூட்டைக்குள் குத்தூசியைச் செலுத்தி, நாலு அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தவுடனே இது பழைய நெல், இது கலப்பு என்று சொல்லும் பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். எப்படிச் சொன்னீர்கள் ஐயா என்றால், "தெரியுது, சொன்னேன்" என்பார்கள். முப்பது வருடம் பார்த்த கண்ணுக்கு மாற்றம் முதலில் தெரிந்துவிடுகிறது. காரணம் சொல்ல நாக்குக்குச் சற்று நேரம் ஆகிறது. மோசூலில் நடந்ததும் இதுதான். தலைகீழாக நிறுத்திய கார், கொதிக்கும் வெயிலில் மூடிய கண்ணாடி, பெரியவர் எவரும் பக்கத்தில் இல்லாத பிள்ளைகள். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் சாதாரணம். மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தது சாதாரணம் இல்லை.

சாலையோரக் குண்டுகளை முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் யார் தேர்ந்தவர்கள் என்று அமெரிக்க ராணுவம் ஓர் ஆய்வே நடத்தியது. அதில் முன்னணியில் வந்தவர்களில் இரண்டு வகையினர் கவனத்தைக் கவர்ந்தார்கள். ஒரு வகை, சிறுவயதிலிருந்தே காட்டில் வேட்டை பழகிய கிராமத்துப் பிள்ளைகள். இன்னொரு வகை, பெருநகரங்களின் முரட்டுத் தெருக்களில் வளர்ந்தவர்கள். எந்தச் சந்தில் எந்நேரம் போகக்கூடாது என்பதைப் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே கற்றவர்கள். இருவருக்கும் பொதுவான சொத்து, தன் சுற்றுப்புறத்தை எப்போதும் ஒரு கண்ணால் கவனித்துக்கொண்டிருக்கும் பழக்கம்தான்.

வழக்கம் தெரிந்தால்தான்

இந்தப் பழக்கத்தைப் பாடமாக்கிச் சொல்லித்தர முடியுமா? முடியும் என்று நம்பியவர் ஜெனரல் ஜேம்ஸ் மாட்டிஸ். பின்னாளில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தவர். ஈராக்கின் அன்பார் மாகாணத்தில் ஒளிந்திருந்து சுடுபவர்களின் குண்டுக்கு வீரர்கள் ஒவ்வொருவராகப் பலியாகிக்கொண்டிருந்த காலத்தில், நம் ஆட்கள் வேட்டையாடப்படுகிறவர்களாக இருக்கக்கூடாது, வேட்டைக்காரர்களாக மாற வேண்டும் என்றார். 2007-இல் மரைன் படையில் 'காம்பாட் ஹண்டர்' என்ற பயிற்சி தொடங்கியது. இதில் பாடம் சொல்ல வந்தவர்கள் யார் தெரியுமா? ஆப்பிரிக்கக் காடுகளின் தொழில்முறை வேட்டைக்காரர், தடம் பார்த்து ஆளைத் தேடும் நிபுணர், நகரத்துக் குற்றவாளிகளோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய போலீஸ்காரர். படிப்பாளிகளின் புத்தகங்கள் பிறகுதான் வந்தன.

பயிற்சியின் முதல் பாடம் நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். சந்தேகப்படும்படியான ஆளைத் தேடாதே என்பதே அது. முதலில் அந்த இடத்தின் வழக்கத்தைக் கற்றுக்கொள். இந்தச் சந்தையில் கடைகள் எத்தனை மணிக்குத் திறக்கும்? பெண்கள் எந்தக் குழாயடிக்கு வருவார்கள்? பிள்ளைகள் எங்கே பந்து விளையாடுவார்கள்? வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்தால் கூட்டம் எந்தப் பக்கம் கலையும்? அந்நியன் வந்தால் நாய் குரைக்குமா, டீக்கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்ப்பாரா? இவை தெரிந்த பிறகு சந்தேகத்தைத் தேட வேண்டியதில்லை. அது தானே வந்து கண்ணில் குத்தும்.

இதே பாடத்தை வட அயர்லாந்தில் 1969 முதல் 2007 வரை பணியில் இருந்த பிரிட்டிஷ் படையும் தன் வீரர்களுக்குச் சொல்லிவந்தது. இருக்க வேண்டியது இல்லாமல் போனாலும் கவனி, இருக்கக்கூடாதது இருந்தாலும் கவனி என்பார்கள். இரண்டாவது எல்லோருக்கும் தெரியும். முதலாவதுதான் கடினம். புதிதாக வந்து நிற்கும் வண்டி கண்ணில் படும். தினமும் விளையாடும் பிள்ளைகள் இன்று தெருவில் இல்லை என்பது எத்தனை பேர் கண்ணில் படும்? அயர்லாந்திலும் சரி, ஈராக்கிலும் சரி, தாக்குதல் வரப்போவது ஊராருக்கு முன்பே தெரிந்திருந்தால் தெரு சத்தமில்லாமல் காலியாகிவிடும். கடைக்காரர் கதவைச் சாத்திவிடுவார். ஒரு வார்த்தை யாரும் பேச மாட்டார்கள். அந்தக் காலித் தெருதான் எச்சரிக்கை.

வழக்கம் என்பது ஒரே நாளில் பிடிபடுவதில்லை என்பதால் இன்னொரு சங்கடம் எழுந்தது. மரைன் வீரர்கள் சுமார் ஏழு மாதம், ராணுவத்தினர் ஓர் ஆண்டு என்று முறைவைத்து வந்து போனார்கள். ஒரு பிரிவுக்குத் தெருவின் முகம் பழகிய நேரத்தில் அது ஊர் திரும்பிவிடும். புதிதாக வந்தவர்களுக்கு எல்லாமே சந்தேகமாகத் தெரியும், அல்லது எதுவுமே சந்தேகமாகத் தெரியாது. வந்த புதிதில்தான் ஆபத்து அதிகம் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னது இதனால்தான். வருடத்துக்கு மூன்று முறை கடைப்பையனை மாற்றும் முதலாளிகள் இந்த இடத்தைச் சற்று நிறுத்திப் படிக்கலாம். பத்து வருடம் நின்ற கணக்குப்பிள்ளை வாங்கும் சம்பளத்தில் ஒரு பகுதி, கணக்கு எழுதுவதற்கு அல்ல. எந்த முகம் எப்போது வரும் என்று அறிந்திருப்பதற்கு.

வழக்கம் தெரிந்த பிறகு எதைப் பார்ப்பது? கையை முதலில் பார் என்றார்கள். முகம் நடிக்கும், ஆனால் தீங்கு செய்வது கை. கை எங்கே இருக்கிறது, எதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது, எதை மறைக்கிறது. மடியில் கனம் உள்ளவன் வழியில் அதை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொள்வது எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அடுத்தது தூரம். யார் யாரை நோக்கி நகர்கிறார்கள், யார் யாரிடமிருந்து விலகுகிறார்கள். ஒரு கூட்டத்தில் அமைதியாக நிற்கும் ஒருவரை மற்றவர்கள் இடைவெளி விட்டுச் சுற்றிப் போகிறார்கள், பேசுமுன் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள் என்றால் தலைவர் அவர்தான். சத்தம் போடுகிறவர் அல்ல. சங்கப் பொதுக்குழுவில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வியர்வை, முகச்சிவப்பு, மூச்சு வாங்குதல் போன்றவற்றையும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் ஈராக்கின் வெயிலில் வியர்க்காதவர் யார்? துப்பாக்கிகளுக்கு நடுவே நிற்கும் எந்தச் சாமானியனும் பதறத்தான் செய்வான். ஆகவே ஒரே ஓர் அறிகுறியை வைத்து ஆளை மடக்காதே, மூன்று சேரட்டும் என்பது விதி. மூன்று சேர்ந்துவிட்டால் அதற்குப் பிறகும் யோசித்துக்கொண்டு நிற்காதே, ஏதாவது செய் என்பது அதன் மறுபாதி. இந்த மறுபாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அடையாளங்களையெல்லாம் கண்டு, மனசும் சொல்லி, "நமக்கெதுக்கு" என்று பேசாமல் இருந்து பணத்தை விட்டவர்கள் எல்லா ஊர்க் கடைத்தெருவிலும் உண்டு.

பொய் முகத்தில் தெரியுமா?

பொய் சொல்கிறவன் கண்ணைப் பார்க்க மாட்டான் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். நாம் மட்டுமல்ல. 58 நாடுகளில் மக்களைக் கேட்டு 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பொய்யனின் அடையாளமாக மக்கள் முதலில் சொன்னது இதையே. உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் மிகப் பலவீனம். நம் ஊரில் பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவது மரியாதை; வாங்கிய கடனுக்குத் தவணை கேட்க வந்தவர் தலையைக் குனிவது வெட்கம். கைதேர்ந்த ஏமாற்றுக்காரனோ நம் கண்ணுக்குள்ளே பார்த்துத்தான் பேசுவான். அவனுக்கு அதுதானே தொழில்.

அதே 2006-இல் இன்னொரு பெரிய தொகுப்பாய்வும் வந்தது. அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்ததில், எதிராளி சொல்வது பொய்யா மெய்யா என்று மனிதர்கள் சரியாகச் சொன்னது நூற்றுக்கு 54 முறை. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். இதில் போலீஸ்காரர்கள் போன்ற அனுபவசாலிகளும் பொதுமக்களைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை.

இது தெரிந்த பிறகும் ஒரு பெரிய செலவு நடந்தது. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் முகத்தையும் நடத்தையையும் பார்த்துத் தீவிரவாதியைக் கண்டுபிடிக்கவென்று ஆயிரக்கணக்கில் ஆட்களை நியமித்தார்கள். 2007 முதல் சுமார் 90 கோடி டாலர் செலவு. 2013-இல் அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் கணக்குக் கேட்டது. இந்த அடையாளங்களைக் கொண்டு ஆபத்தானவரைக் கண்டறியலாம் என்பதற்குப் போதிய சான்று இல்லை, இனி இதற்குப் பணம் ஒதுக்குவதைக் கட்டுப்படுத்துங்கள் என்று அறிக்கை கொடுத்தது. நிறத்தையும் உடையையும் பார்த்து ஆட்களை நிறுத்துகிறார்கள் என்ற புகாரும் கூடவே எழுந்தது.

ரோந்து வீரருக்குப் பலித்தது விமான நிலையத்தில் ஏன் பலிக்கவில்லை? நம் கருத்து இது. ரோந்து வீரர் ஒரே தெருவில் திரும்பத் திரும்ப நடந்தார். அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நேற்று இருந்தது. விமான நிலையத்தில் வருகிறவர் ஒவ்வொருவரும் புதியவர். இவர் எப்போதும் இப்படித்தான் நடப்பாரா, இன்று மட்டும் இப்படியா என்று யாருக்குத் தெரியும்? விமானத்தைத் தவறவிடப் போகிறவரின் பதற்றமும் குண்டு வைத்திருப்பவரின் பதற்றமும் பார்வைக்கு ஒன்றே. நேற்று இல்லாத இடத்தில் மனிதன் தன் மனசில் உள்ள பழைய வெறுப்பை எடுத்து அளவுகோலாக்கிக் கொள்கிறான். கிழிந்த சட்டைப் பையன் கடைக்குள் வந்தால் நான்கு கண்கள் பின்னாலேயே போவதும், காரில் வந்து இறங்கிய அம்மாவிடம் ஒருவரும் பையைக் கேட்காததும் இதனால்தான். பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கும் அன்பர்கள் இதில் பட்ட நஷ்டத்தை அவர்களே சொல்வார்கள்.

நம் உடம்பும் பேசுகிறது

படைவீரர்கள் மிகவும் தாமதமாகக் கற்ற பாடம், எதிராளியும் நம்மைப் படித்துக்கொண்டிருக்கிறான் என்பது.

வீரர்கள் தங்களுக்குள் 'நில்' என்பதற்கு முஷ்டியை மடக்கி உயர்த்துவது வழக்கம். ஆரம்பத்தில் ஈராக் சாலைகளிலும் அதே சைகையைக் காட்டினார்கள். மோசூலில் மளிகைக்கடை வைத்திருப்பவர் அதை எங்கே படித்தார்? இருட்டில் வெளிச்சம் கண்ணைக் கூசும். எச்சரிக்கைக்காக வானத்தில் சுட்டால், யாரோ நம்மைச் சுடுகிறார்கள் என்று பயந்து இன்னும் வேகமாக ஓட்டுவார். அந்த வேகத்தைப் பார்த்த வீரர் தற்கொலைக் குண்டுக்காரன் என்று முடிவு கட்டுவார். இரண்டு பயங்கள் ஒன்றை ஒன்று தவறாகப் படித்துக்கொண்ட கதை இது. இப்படி உயிரிழந்த குடும்பங்கள் பல.

உலகம் முழுவதும் பேசப்பட்ட ஒரு நிகழ்ச்சி 2005 மார்ச் 4 இரவு பாக்தாத் விமான நிலையச் சாலையில் நடந்தது. கடத்தப்பட்டிருந்த இத்தாலியப் பத்திரிகையாளர் ஜூலியானா ஸ்கிரேனாவை மீட்டுக்கொண்டு வந்த கார் மீது அமெரிக்கச் சாவடியிலிருந்து சுட்டார்கள். அவரை மீட்ட இத்தாலிய உளவு அதிகாரி நிக்கோலா கலிபாரி இறந்துபோனார். எச்சரித்தோம், கார் நிற்கவில்லை என்றது அமெரிக்க அறிக்கை. சாவடி இருப்பதற்கான அடையாளமே சரியாக வைக்கப்படவில்லை என்றது இத்தாலிய அறிக்கை. கார் வந்த வேகத்தைப் பற்றிக்கூட இரண்டு அறிக்கைகளும் ஒத்துப்போகவில்லை. நட்பு நாடுகள் இரண்டு, ஒரே சாலை, ஒரே சில விநாடிகள்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு நடந்திருந்தது. 2003 ஏப்ரல் 3. ஷியா முஸ்லிம்களின் புனித நகரமான நஜப். லெப்டினன்ட் கர்னல் கிறிஸ்டபர் ஹியூஸ் தலைமையில் ஒரு படைப்பிரிவு, பெரிய மதகுருவான அயதுல்லா சிஸ்தானியைத் தொடர்புகொள்ளச் சென்றுகொண்டிருந்தது. இமாம் அலி மசூதியைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று தெருவில் வதந்தி பரவியது. சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கானோர் திரண்டு வழியை மறித்தார்கள். கூச்சல், கோபம், கல் எறியும் கைகள். வீரர்களுக்கு அரபு தெரியாது. கூட்டத்துக்கு ஆங்கிலம் புரியாது. ஒரே ஒரு துப்பாக்கி வெடித்திருந்தால் போதும்.

ஹியூஸ் தம் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, குழல் தரையைப் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினார். எல்லோரும் ஒரு முழங்காலை மண்டியிடுங்கள், துப்பாக்கியைத் தாழ்த்துங்கள், சிரியுங்கள் என்று உத்தரவிட்டார். தலைக்கவசமும் கவச உடுப்புமாக நின்ற வீரர்கள் கோபக் கூட்டத்துக்கு முன் மண்டியிட்டுச் சிரித்தார்கள். அவர்களில் சிலர் இந்த ஆளுக்குப் பைத்தியமா என்று நினைத்திருப்பார்கள். ஆனால் கூட்டத்தின் முன்வரிசையில் சிலர் அடங்கினார்கள், சிலர் உட்கார்ந்தார்கள், சிலர் திருப்பிச் சிரித்தார்கள். யார் அடங்கவில்லை, யார் தூண்டுகிறார்கள் என்பதும் அப்போது தெளிவாகத் தெரிந்தது. பிறகு ஹியூஸ் தம் ஆட்களை நிதானமாகப் பின்னே அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு குண்டும் செலவாகவில்லை.

இதில் நாம் கவனிப்பது அவருடைய தைரியத்தை மட்டும் அல்ல. கூட்டத்தில் யார் எதிரி என்று அவர் முகம் பார்த்து ஊகிக்க முயலவில்லை. நல்லவருக்கு எந்தக் கெடுதலும் வராத ஒரு காரியத்தைத் தாம் முதலில் செய்தார். அதற்கு மற்றவர்கள் என்ன பதில் காட்டுகிறார்கள் என்று பார்த்தார். நல்லவர்கள் ஒரு விதமாகவும் மற்றவர்கள் வேறு விதமாகவும் தாங்களே பிரிந்து நின்றார்கள்.

சாவடிகளில் பிற்பாடு செய்த திருத்தமும் இதே வகைதான். வெகு தூரத்திலேயே அரபு எழுத்தில் பெரிய பலகை, வேகத்தைக் குறைத்தே தீர வேண்டும் என்றபடி வளைத்து வளைத்து வைத்த தடுப்புகள், சுடுவதற்கு முன் செய்ய வேண்டிய படிகள். சாமானியர் பலகையைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவார். அத்தனையும் தாண்டி வருகிறவரைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும். 2006 வாக்கில் சாவடிகளில் பொதுமக்கள் சாவது வெகுவாகக் குறைந்ததாகப் படைத்தலைமை தெரிவித்தது. வீரர்களின் கண் கூர்மையானதைவிட, பார்க்க வேண்டிய ஆட்கள் குறைந்ததே இதற்குக் காரணம் என்போம்.

கடையில் எப்படி?

சொல்லாமல் பேசுவதில் நம் வணிகம் யாருக்கும் சளைத்ததல்ல. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்தே விலை பேசி முடிக்கும் தரகர்களை ராணுவப் பள்ளிக்கு அனுப்பத் தேவையில்லை. இருந்தாலும் மேலே கண்டதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சில உண்டு.

சில்லறைக் கடையில், சந்தேகம் வந்தால் முறைத்துப் பார்ப்பதைவிட எழுந்து போய், "என்ன பார்க்கறீங்க, எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்பது மேல். வாங்க வந்தவருக்கு அது உபசாரம். வேறு எண்ணத்தில் வந்தவருக்கு அது விலங்கு. ஒருவரையும் அவமதிக்கவில்லை. ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து, திரும்ப வாங்கி, சில்லறை கேட்டு, நடுவில் கூட வந்தவர் வேறு விலை கேட்டுக் குழப்பும் தந்திரம் பழையது. கொடுத்த தாளைப் பாக்கி எண்ணிக் கொடுத்து முடியும்வரை கல்லாவுக்குள் போடாமல் மேலே வைப்பது, தொகையை வாய்விட்டுச் சொல்வது, ஒருவர் கணக்கு முடியாமல் அடுத்தவர் பேச்சை எடுக்காதது என்று எல்லோருக்கும் ஒரே முறையாக வைத்துவிட்டால் யார் முகத்தையும் படிக்க வேண்டாம். கைப்பேசித் திரையில் பணம் அனுப்பிவிட்டதாகக் காட்டுகிறவரிடமும் அப்படியே. நம் ஒலிப்பெட்டி சொல்லட்டும், அல்லது நம் கணக்கில் வரவு தெரியட்டும். அதுவரை சிரித்த முகத்தோடு பொட்டலத்தைக் கட்டிக்கொண்டிருக்கலாம்.

மொத்த வியாபாரிகளுக்குத்தான் விஷயம் பெரியது. நமக்கு நஷ்டம் வருவது புது ஆளால் என்பதைவிட, பத்து வருடம் பற்று வரவு வைத்த ஆளால்தான் அதிகம். அவரைப் பற்றி நம்மிடம் நேற்று இருக்கிறது. ஆனால் நம்பிக்கை காரணமாக அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை விட்டுவிடுகிறோம். மூட்டைக்கு இரண்டு ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர், இன்று சொன்ன விலைக்குச் சரி என்கிறார். பேரம் பேசாத வாடிக்கையாளர் கிடைத்தாரே என்று நாம் மகிழ்கிறோம். இருக்க வேண்டியது இல்லாமல் போன இடம் அதுதான். பணம் கொடுக்கிற எண்ணம் உள்ளவருக்கே விலை ஒரு பொருட்டு. இது ஒன்றே போதாது. வீட்டில் கல்யாணமாக இருக்கலாம், உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். ஆனால் பண்டிகை இல்லாத மாதத்தில் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு சரக்கு கேட்கிறார், அதுவும் உடனே காசாகும் எண்ணெய், சர்க்கரை மட்டும் கேட்கிறார், வாரா வாரம் தாமே வந்து கட்டியவர் மூன்று வாரமாகப் பையனை அனுப்புகிறார் என்றும் சேர்ந்துவிட்டால் மூன்றுக்கு மேலேயே ஆகிவிட்டது.

அப்போதும் அவரை மோசக்காரர் என்று கடைத்தெருவில் பேசக் கூடாது; சரக்கை மறுத்து மனத்தைப் புண்படுத்தவும் வேண்டாம். பாதி சரக்கை அனுப்பிவிட்டு, மீதி வண்டி வரட்டும் என்று சொல்லலாம். அந்தப் பக்கம் வசூலுக்குப் போகும் சாக்கில் அவர் கடையில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். நல்ல நிலையில் இருப்பவர் "வாங்கண்ணே" என்று எழுந்து நாற்காலி போடுவார். உட்கார்ந்த இடத்திலிருந்து அலமாரியைப் பார்க்க வேண்டும். முன்வரிசையில் டப்பாக்கள் அடுக்கி, பின்னால் சுவர் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.